வீட்டுப் பட்டறையில் சாண்ட்பிளாஸ்டிங்: கம்ப்ரசரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் கம்ப்ரசர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள்: தொட்டி எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை எச்பி. டயருக்குக் காற்றடிக்கவும், ஆணி அடிக்கும் துப்பாக்கி ஓட்டவும், தூசு ஊதவும் அந்த இரண்டு கேள்வி போதும். பழைய இரும்பு கேட்டையோ மோட்டார்சைக்கிள் பாகங்களையோ துரு நீக்கிப் பெயின்ட் அடிக்க பிளாஸ்டிங் செய்ய, அதாவது காற்றின் வேகத்தில் நுண்துகள்களை வீசித் துருவைச் சுரண்ட நினைத்தால் அவை போதாது. ஆணித் துப்பாக்கி ஒரு நொடி காற்றை எடுத்துக்கொண்டு பிறகு சும்மா இருக்கிறது. காற்றும் துகளும் வெளியேறும் முனையான பிளாஸ்டிங் நாசில் அப்படியில்லை. டிரிக்கரை அழுத்திய நேரம் முழுக்க அது ஒரு திறந்த ஓட்டை. உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறதோ அவ்வளவையும் அது வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்.

அதனால் கணக்கை நாசிலில் தொடங்க வேண்டும். அங்கிருந்து கம்ப்ரசருக்கு வந்து, கடைசியில் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் முடிக்க வேண்டும். சிங்கப்பூர் வீட்டில் இந்தப் பிளக் பாயிண்ட்தான் பல நேரம் முடிவைச் சொல்கிறது.

அழுத்தம் வேறு, அளவு வேறு

பிஎஸ்ஐ என்பது காற்று எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதைச் சொல்லும். துகள் எந்த வேகத்தில் போய் இரும்பில் மோதுகிறது என்பது அதைப் பொறுத்தது. துரு நீக்க 80 முதல் 100 பிஎஸ்ஐ வரை வேண்டும். கண்ணாடி மணிகளை வைத்து அலுமினியத்தை மெருகேற்றுவதற்கு 40, 50 போதும். எந்தச் சின்னக் கம்ப்ரசரும் 100 பிஎஸ்ஐயைத் தொட்டுவிடும், அதில் பிரச்சினை இல்லை.

சிஎஃப்எம் என்பது ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி காற்று கிடைக்கிறது என்பது. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். சிக்கல் எல்லாம் இதில்தான். 100 பிஎஸ்ஐயைத் தொடுவது எளிது, நாசில் திறந்திருக்கும்போதும் அங்கேயே நிற்பதுதான் கடினம்.

80 பிஎஸ்ஐயில் 2 மி.மீ. ஓட்டை சுமார் 7 சிஎஃப்எம் காற்றைக் குடிக்கும். 2.5 மி.மீ. என்றால் பத்தரை. 3 மி.மீ. என்றால் 15. 5 மி.மீட்டரை நெருங்கினால் 38, கால் இஞ்சுக்கு 68. விட்டம் இரட்டிப்பானால் காற்றுத் தேவை நான்கு மடங்காகும், ஏனென்றால் ஓட்டையின் பரப்பளவு அப்படித்தான் கூடுகிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கடையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த அரை மில்லிமீட்டரில் ஒரு முழுக் கம்ப்ரசரின் விலை அடங்கியிருக்கிறது.

ஜூரோங்கிலோ துவாஸிலோ கப்பல் பட்டறையில் பிளாஸ்டிங் பார்த்த அண்ணன்மார்களிடம் கேட்டால் 'ஆறாம் நம்பர் நாசில்' என்பார்கள். ஒரு இஞ்சைப் பதினாறாகப் பிரித்து அதில் ஆறு பங்கு, அதாவது முக்கால் இஞ்சில் பாதி. 100 பிஎஸ்ஐயில் அது 200 சிஎஃப்எம்மை விழுங்கும். அதனால்தான் அங்கே சக்கரம் வைத்த டீசல் கம்ப்ரசர்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. அந்த வேகத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் வீட்டிலும் அதையே எதிர்பார்ப்பார்கள். வீட்டில் அது நடக்காது. ஒரு சைக்கிள் பிரேமை ஒரு மதியத்தில் சுத்தம் செய்யலாம், ஒரு கேட்டை இரண்டு வார இறுதிகளில் முடிக்கலாம். அந்த அளவு எதிர்பார்ப்போடு இறங்கினால் நல்ல வேலை செய்ய முடியும்.

நாசில் தேயும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலிவான பீங்கான் நாசிலின் வாயைத் துகள்கள் அரித்துக்கொண்டே இருக்கும். 2.5 மி.மீ. நாசில் 3 மி.மீட்டராகத் தேய்ந்தால் காற்றுத் தேவை 44 சதவீதம் கூடிவிடும். கம்ப்ரசர் களைத்துவிட்டது என்று நினைத்து பலரும் அதைக் கழற்றிப் பார்க்கிறார்கள், குற்றம் நாசிலில் இருக்கும். 3 மி.மீ. டிரில் பிட்டின் பின்பக்கத்தை, வெட்டு இல்லாத வழவழப்பான பகுதியை, நாசிலுக்குள் விட்டுப் பாருங்கள். 2.5 என்று வாங்கிய நாசிலுக்குள் அது தடையில்லாமல் போனால் நாசிலை மாற்ற வேண்டிய நேரம். போரான் கார்பைடு நாசில் விலை அதிகம், ஆனால் பல மடங்கு உழைக்கும்.

உறிஞ்சும் வகைத் துப்பாக்கியில் இரண்டு ஓட்டைகள் உண்டு. வெளியே தெரியும் பீங்கான் நாசில் பெரியது. உள்ளே ஒளிந்திருக்கும் சின்ன ஜெட்தான் காற்றின் அளவைத் தீர்மானிக்கிறது. மூடிய கேபினெட்டுகளில் வருவது பெரும்பாலும் இந்த வகை. இன்னொன்று பிரஷர் பாட்: துகள் நிரப்பிய பானையையே அழுத்தத்தில் வைத்து, காற்றும் துகளும் சேர்ந்து ஒரே நாசில் வழியாக வெளியேறும். அதே காற்றில் பிரஷர் பாட் பல மடங்கு வேகமாக வேலை செய்யும். காற்று குறைவாக உள்ளவர்களுக்குப் பிரஷர் பாட்டும் சின்ன நாசிலும்தான் என் பரிந்துரை. 2 மி.மீ. நாசிலில் பருமனான துகள் அடைத்துக்கொள்ளும். 80ஆம் எண் (கிரிட்) துகளோ அதைவிட நுண்ணியதோ வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதும் கையில் கிடைப்பதும்

கம்ப்ரசரின் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பிஸ்டன் கோட்பாட்டுப்படி உள்ளிழுக்கக்கூடிய காற்றின் அளவு. சூடு, கசிவு, வால்வில் தங்கும் காற்று எல்லாம் போக, பிஸ்டன் கம்ப்ரசர் உண்மையில் வெளியே கொடுப்பது அதில் 60 முதல் 75 சதவீதம்தான். 'ஃப்ரீ ஏர் டெலிவரி' என்று, எந்த அழுத்தத்தில் என்பதோடு சேர்த்து எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்பலாம். அழுத்தத்தைச் சொல்லாத சிஎஃப்எம் எண்ணை ஒதுக்கிவிடுங்கள். பொதுவாக ஒரு எச்பிக்கு 90 பிஎஸ்ஐயில் 3 முதல் 4 சிஎஃப்எம் கிடைக்கும். அதைவிட அதிகம் தருவதாகச் சொல்லும் சின்ன மெஷினைக் கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள்.

சரி, தொட்டி எதற்கு? கம்ப்ரசரின் சிஎஃப்எம் மாதச் சம்பளம் மாதிரி, தொட்டி வங்கியில் கிடக்கும் சேமிப்பு. சம்பளத்தை மீறிச் செலவு செய்தால் சேமிப்பு கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாசிலுக்கு 10 சிஎஃப்எம் வேண்டும், கம்ப்ரசர் தருவது 6. பற்றாக்குறை 4, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 113 லிட்டர். 100 லிட்டர் தொட்டியில் அழுத்தம் 8 பாரிலிருந்து (ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ) 5.5 பாருக்கு இறங்கும்வரை வேலை செய்யலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டரை பார் இறக்கத்தில் நமக்குக் கிடைக்கும் கூடுதல் காற்று 250 லிட்டர். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். 50 லிட்டர் தொட்டி என்றால் ஒரு நிமிடம். 24 லிட்டர் என்றால் அரை நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும். அப்புறம் நாசிலிலிருந்து துகள் சொரியுமே தவிர, துரு போகாது.

பெரிய தொட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுத்தத்தை நிதானமாக வைக்கவும், காற்றைக் கொஞ்சம் ஆறவைக்கவும், மோட்டார் அடிக்கடி நின்று நின்று எழாமல் பார்த்துக்கொள்ளவும் அது உதவும். இல்லாத சிஎஃப்எம்மை மட்டும் அது உண்டாக்காது.

இன்னொன்று, ஓய்வு. வீட்டு உபயோக பிஸ்டன் கம்ப்ரசர்கள் பலவும் பத்து நிமிடத்தில் ஐந்தாறு நிமிடம் ஓடி, மீதி நேரம் ஆறுவதற்காகச் செய்யப்பட்டவை. பிளாஸ்டிங்கில் அவற்றை மணிக்கணக்கில் நிற்காமல் ஓடவிட்டால் வால்வுத் தகடும் பிஸ்டன் வளையமும் சீக்கிரம் போய்விடும். நாசிலின் தேவையைவிடக் கம்ப்ரசரின் உண்மையான சிஎஃப்எம் மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அதற்கு ஆற நேரம் கிடைக்கும். மோட்டாரோடு நேராகப் பொருத்தி நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் சின்ன மெஷினைவிட, பெல்ட் போட்டு மெதுவாகச் சுழலும் பம்ப் இந்த வேலைக்கு ஏற்றது. எடை கூடும், இடம் அடைக்கும். இருந்தாலும் சூடு குறைவு, சத்தம் குறைவு, உதிரி பாகமும் கிடைக்கும்.

13 ஆம்ப் பிளக் சொல்லும் முடிவு

நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மூன்று சதுரக் கால் பிளக்கின் எல்லை 13 ஆம்ப். 230 வோல்ட்டோடு பெருக்கினால் ஏறத்தாழ 3 கிலோவாட். ஒரு எச்பி 746 வாட் என்பதால் 3 எச்பி மோட்டார் சுலபமாக ஓடும் என்று தோன்றும். மோட்டார் எடுக்கும் மின்சாரம் அது கொடுக்கும் சக்தியைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) 3 எச்பி மோட்டார் முழுச் சுமையில் 13 ஆம்பைத் தொடும் அல்லது தாண்டும். அதோடு, புறப்படும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஆகவே 13 ஆம்ப் பிளக்கில் நிம்மதியாக ஓடக்கூடியது 2 அல்லது 2.5 எச்பிதான். அப்படியானால் கையில் கிடைப்பது உத்தேசமாக 6 முதல் 8 சிஎஃப்எம்.

மேலே உள்ள நாசில் எண்களோடு இதைப் பொருத்திப் பாருங்கள். நமக்கு ஏற்றது 2 மி.மீ. நாசில். 7 சிஎஃப்எம் கேட்கும் நாசிலுக்கு 8 தரும் கம்ப்ரசர் என்றாலும் அது கிட்டத்தட்ட நிற்காமல்தான் ஓடும். இரண்டு மூன்று நிமிடம் அடித்து, பாகத்தைத் திருப்பி வைத்து, துடைத்துப் பார்த்து, மறுபடியும் அடிப்பது என்ற ஒழுங்கில் வேலை செய்தால் அதற்கும் ஓய்வு கிடைத்துவிடும்.

அதற்கு மேல் போக வேண்டுமென்றால் மூன்று வழி. முதலாவது, கம்ப்ரசருக்கென்று தனி மின்சுற்று போடுவது. உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கூப்பிட்டு, வீட்டின் மொத்தக் கொள்ளளவையும் பார்க்கச் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டாவது, ஒரே மாதிரி இரண்டு சின்னக் கம்ப்ரசர்களைத் தனித்தனி மின்சுற்றில் ஓட்டி, காற்றை ஒரு குழாயில் சேர்ப்பது. இது எனக்குப் பிடித்த வழி. ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கும், தூக்கி வைப்பதும் எளிது. மூன்றாவது, பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் திருகுகளால் காற்றை அழுத்தும் ஸ்க்ரூ கம்ப்ரசர். இதற்கு ஓய்வே தேவையில்லை. 4 கிலோவாட் மெஷின் 18 முதல் 20 சிஎஃப்எம் வரை தரும், 3 மி.மீ. நாசிலை நாள் முழுக்க ஓட்டலாம். மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) மின்சாரம் உள்ள தரைவீட்டுக்கோ காக்கி புக்கிட், சுங்கை காடுட் பக்கம் வாடகைக்கு எடுக்கும் சிறிய தொழிற்கூடத்துக்கோ அது பொருந்தும். தொழிற்கூடம் என்றால் காற்றுத் தொட்டிக்கு மனிதவள அமைச்சின் பரிசோதனை விதிகள் உண்டு, வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நீட்டுவதாக இருந்தால் காற்றுக் குழாயை நீட்டுங்கள், மின் கம்பியை நீட்டாதீர்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷனில் வோல்ட் இறங்கி மோட்டார் முக்கி முக்கியே எரிந்துபோகும். குழாயும் அரை இஞ்சு உள்விட்டம் இருக்கட்டும். சுருள் சுருளாக வரும் கால் இஞ்சுக் குழாய் அழுத்தத்தைப் பாதி வழியிலேயே தின்றுவிடும். டிரிக்கரை அழுத்தியபடி துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் மீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான் உங்கள் அழுத்தம்.

சிங்கப்பூர்க் காற்றில் இருக்கும் தண்ணீர்

குளிர்நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடும். இங்கே இதுதான் பாதிப் பிரச்சினை. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்பது நமக்குச் சாதாரண நாள். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. நிமிடத்துக்கு 200 லிட்டர் இழுக்கும் கம்ப்ரசர் ஒரு மணி நேரத்தில் 12 கன மீட்டரை, அதாவது ஏறத்தாழ 290 கிராம் தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. அதை எட்டில் ஒரு பங்காக நசுக்கி மறுபடி 30 டிகிரிக்கு ஆறவிட்டால், அந்தச் சுருங்கிய காற்றால் தாங்க முடிவது 45 கிராம்தான். மீதி 240 மில்லி, ஒரு பெரிய டம்ளர் அளவுத் தண்ணீர், ஒவ்வொரு மணி நேரமும் எங்காவது சொட்டியாக வேண்டும்.

தொட்டியின் அடியில் சொட்டினால் நல்லது. வேலை முடிந்ததும் அடியில் உள்ள திருகைத் திறந்தால் முதலில் பழுப்பாக, கொஞ்சம் எண்ணெய் மிதக்கும் நீர் சீறி வரும், பிறகு பனி மாதிரி தெளிக்கும், கடைசியில் வெறும் காற்று. ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும், விட்டால் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். எண்ணெய் கலந்த நீர் என்பதால் கால்வாயில் விடாமல் ஒரு புட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நிற்காமல் ஓடும் கம்ப்ரசரில் காற்று தொட்டிக்குள் ஆற நேரம் கிடைப்பதில்லை. சூடாகவே வெளியேறி, நாசிலுக்குப் போகும் வழியில் ஆறி, குழாய்க்குள் சொட்டுகிறது. துகள் ஈரமாகிக் கட்டி தட்டுகிறது, நாசில் விக்குகிறது. கம்ப்ரசரின் வாயிலேயே தண்ணீர்ப் பிரிப்பானை மாட்டினால் பயன் குறைவு. அங்கே காற்று சூடாக இருப்பதால் தண்ணீர் ஆவியாகவே அதைத் தாண்டிப் போய்விடும். முதலில் காற்றை ஆறவைக்க வேண்டும். சுவரில் மேலும் கீழுமாக மடக்கி ஓட்டிய சில மீட்டர் செப்புக் குழாய், அதன் அடியில் வடிகால் திருகு, அதற்கு அப்புறம் பிரிப்பான், கடைசியாக சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்தி. இந்த வரிசையில் வைத்தால் சின்னக் கம்ப்ரசருக்குப் போதும். பட்ஜெட்டில் இடம் இருந்தால் குளிரூட்டி உலர்த்தி. 100 வெள்ளி கூடுதலாக இருக்கிறது, பெரிய தொட்டிக்கா உலர்த்திக்கா என்று என்னைக் கேட்டால் உலர்த்திக்கு என்றுதான் சொல்வேன்.

துரு நீக்கிய இரும்புக்கும் இதே காற்றுதான் எதிரி. சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருக்கும் இரும்பு இங்கே சில மணி நேரத்தில் மஞ்சள் பூத்துவிடும். அன்றைக்கே பிரைமர் அடிக்க முடியும் என்ற அளவுக்கு மட்டும் பிளாஸ்ட் செய்யுங்கள். மழை இருட்டும் மதியத்தில் தொடங்க வேண்டாம். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே, இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலே என்பது பெயின்ட் வேலையில் உலகம் முழுக்கப் பின்பற்றும் அளவு.

மணல் மட்டும் வேண்டாம்

1870இல் அமெரிக்காவின் பெஞ்சமின் டில்க்மன் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்ற காலத்தில் மணலைத்தான் வீசினார்கள். உடைந்த மணலின் நுண்தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. பிரிட்டன் 1949 விதிகளிலேயே வார்ப்புகளை மணலால் பிளாஸ்ட் செய்வதைத் தடை செய்துவிட்டது. கார்னெட், அலுமினியம் ஆக்சைடு, கண்ணாடி மணி இவற்றில் ஒன்றை வாங்குங்கள். கட்டுமான மணல் இலவசமாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். மணல் இல்லாவிட்டாலும் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். முடிந்தவரை மூடிய கேபினெட்டுக்குள் செய்யுங்கள், அப்போதும் முகத்தில் சரியாகப் படியும் நல்ல வடிகட்டி முகமூடி வேண்டும். பட்டறைக் கம்ப்ரசரின் காற்றைத் தலையை மூடும் ஹூடுக்குள் விட்டு மூச்சுவிடக் கூடாது. அதில் எண்ணெய் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கக்கூடும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். தூசு தாழ்வாரத்துக்குப் போகும், கம்ப்ரசர் சத்தம் மேல்வீடு கீழ்வீடு எல்லாம் கேட்கும், அண்டை வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவர் பாடு திண்டாட்டம். ஒரு சைக்கிள் பிரேமுக்காக இவ்வளவும் வாங்குவதைவிட, அதைத் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிங் செய்துகொடுக்கும் கடையில் விடுவதே நல்லது. தரைவீட்டுக் கொட்டகையோ வாடகைத் தொழிற்கூடமோ இருந்து, தொடர்ந்து வேலையும் இருப்பவர்களுக்குத்தான் சொந்தக் கம்ப்ரசர். அதையும் தூசு வராத பக்கம் வையுங்கள், அது துகளை உறிஞ்சினால் அதன் சிலிண்டரே தேயும்.

பழையது வாங்கினால்

கேரசல் இணையச் சந்தையில் பெல்ட் கம்ப்ரசர்கள் நியாயமான விலைக்கு வருவதுண்டு. போகும்போது ஒரு டார்ச்சும் கைபேசியில் ஸ்டாப்வாட்சும் போதும். தொட்டியின் அடிப்பக்கத்தில், கால்கள் ஒட்டியிருக்கும் இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் குமிழிட்டிருந்தால், வெல்டிங் வைத்து அடைத்த தடம் தெரிந்தால், வாங்க வேண்டாம். அழுத்தத்தில் வெடிக்கும் தொட்டி ஆளைக் கொல்லும். பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீறி, விட்டதும் அடைய வேண்டும். மோட்டார் நின்றதும் 'பிஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். பம்பின் தலையில் தங்கிய காற்றை விடுவிக்கும் சத்தம் அது. வராவிட்டால் அடுத்த முறை மோட்டார் சுமையோடு எழ முயன்று உங்கள் வீட்டுச் சுவிட்சை விழவைக்கும்.

அப்புறம், எந்தக் கம்ப்ரசராக இருந்தாலும் அதன் உண்மையான சிஎஃப்எம்மை அங்கேயே அளந்துவிடலாம். வெளியேறும் வால்வை மூடி, ஓடவிட்டு, மீட்டர் 5 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். தொட்டியின் லிட்டரை ஏறிய பாரால் பெருக்கி, நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 100 லிட்டர் தொட்டிக்கு 70 நொடி ஆனால் 200 லிட்டர் 70 நொடியில், அதாவது நிமிடத்துக்கு 171 லிட்டர், 6 சிஎஃப்எம். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 10 என்று சொன்னாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது 6. அந்த 6-க்கு என்ன விலை தகுமோ அதைப் பேசுங்கள்.